அவனுக்கு எதற்கு நிம்மதி

ஜீலாங்
மார்ச் 3

இல்லை, அதே பெயரில் இருக்கும் வேறு ஆள் இல்லை. அவனேதான். நீ சொல்லியிருக்கிறாயே, இடது புருவத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகும் தழும்பு, அது இருக்கிறது.

மன்னித்துக்கொள், மெரன் அக்கா. நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரிந்ததால் பதிலிலிருந்து தொடங்கிவிட்டேன். முழங்கால் வீக்கம் வற்றியதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜான்டி இறந்த செய்தி வந்த அன்று போனைப் பிடுங்கிப் போட்டவள் நீ. அதனால் இதையும் தாளில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ராய்ஸ் விக்கரி. குடித்துவிட்டு உன் பிள்ளை மேல் வண்டியை ஏற்றியவன். கணையத்தில் புற்றுநோய். எங்கள் பிரிவில், கடல் தெரியும் அறையில் படுத்திருக்கிறான். சிறையிலிருந்து வந்தபிறகு அங்கே தாஸ்மேனியாவில் தலைகாட்ட முடியாமல், கடல் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டானாம். என்னை அவனுக்குத் தெரியாது. வழக்கு நடந்தபோது நான் எடின்பரோவில் படித்துக்கொண்டிருந்தேன். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் முதல் பெயர் மட்டும்தான்.

என் வேலையை நீ கேலி செய்வாய். சாமி இல்லாத சாமியார். சாகப்போகிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அதற்கு ஆன்மிகப் பராமரிப்பு என்று பெயர். போன வருடம் முதல் அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. காளானிலிருந்து எடுத்த மருந்து. ஆய்வாக நடக்கிறது. சாவை நினைத்து நடுங்குபவர்களுக்கு ஒரே ஒரு முறை, மருத்துவர் மேற்பார்வையில். கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் படுத்திருப்பார்கள். நாங்கள் இரண்டு பேர் பக்கத்தில் இருப்போம். எழுந்திருக்கும்போது பலருக்குப் பயம் போயிருக்கும். செத்தவர்களைப் பார்த்தேன் என்பார்கள். கடலாக இருந்தேன் என்பார்கள். பிறகு டோஸ்ட் கேட்பார்கள்.

விக்கரி அந்த மருந்தைக் கேட்டிருக்கிறான். விளக்கை அணைத்தால் அலறுகிறான். அவன் மனம் அதற்குத் தயாரா என்று சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

நோயாளி தெரிந்தவர் என்றால் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். விதி அது. நான் இன்னும் சொல்லவில்லை.

என்ன செய்யட்டும்?

உன் டாம்சின்


ஓட்லண்ட்ஸ்
மார்ச் 11

அன்புள்ள டாம்சிக்கு,

இங்கே நானும் ஆடுகளும் உயிரோடு இருக்கிறோம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? போன தடவை வந்தபோது கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. முழங்கால் அப்படியேதான்.

மழை இல்லை. கிழக்குப் பக்கம் புல் சாம்பல் நிறமாகிவிட்டது. கிடா வாங்கப் போனேன். பார்வைக்கு நல்ல கிடா ஒன்று, பின்னங்கால் சரியில்லை, விட்டுவிட்டேன். விற்கிறவன் சொல்கிறான், "காலப் பாத்து வாங்கறீங்களே மெரன், அது என்ன டான்ஸா ஆடப்போவுது?" நடந்து போனால்தானே பெட்டையிடம் போகும் என்றேன். சந்தையே சிரித்தது.

தெற்கு வேலியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது உன் கடிதம் வந்தது. கம்பத்தின் மேல் வைத்துப் படித்தேன். பிறகு மீதி ஆணிகளையும் அடித்து முடித்தேன். ஒன்று கட்டைவிரலில் விழுந்தது.

விளக்கை அணைத்தால் அலறுகிறான் என்று எழுதியிருக்கிறாய். அலறட்டும். அவனுக்கு எதற்கு நிம்மதி? தயாரில்லை என்று எழுதிக் கொடு.

அன்புடன்
மெரன்

பி.கு.: எவ்வளவு சத்தமாக அலறுகிறான்?


ஜீலாங்
மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டைவிரல் நகம் கறுத்திருக்கும். இழுக்காதே, தானாக விழட்டும். நான் சாப்பிடுகிறேன்.

சத்தம்: தாயிடமிருந்து பிரித்த கன்று மாதிரி. தாழ்வாரத்தின் கடைசி வரை கேட்கும்.

அவனோடு உட்கார்ந்து பேசினேன். மருந்துக்கு முன் நடக்கும் பேச்சு. செஃபினாவும் இருந்தாள். எங்கள் நர்ஸ், சமோவாக்காரி, எல்லாக் கிழவர்களையும் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"சாமியாரம்மாவா? சிலுவை எங்க?" என்றான் என்னிடம்.

"சம்பளம் பத்தாம வித்துட்டாங்க," என்றாள் செஃபினா.

"காளானா குடுக்கப்போறீங்க? பீட்சாவுல வந்தாலே பொறுக்கி ஓரமா வச்சிடுவேன் நான்."

"இத ஓரமா வச்சீங்கன்னா டாக்டர் உங்களையே ஓரமா வச்சிடுவாரு தாத்தா. முழுங்குங்க."

சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்க. அவன் சிரிக்கக்கூடியவன் என்பது எனக்குப் பிடிக்கவில்லை.

எல்லாரிடமும் கேட்பதை அவனிடமும் கேட்டேன். உள்ளே போனால் என்ன வேண்டும்?

"ஒரு பையன் இருந்தான்," என்றான். "வேலியோரமா நடந்து போயிட்டிருந்தான். கம்பத்த ஒண்ணொண்ணா தொட்டு எண்ணிக்கிட்டே. நான் குடிச்சிருந்தேன். அவன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"என்ன கேக்கணும்?"

"அது அவனுக்கும் எனக்கும்."

"பேர் தெரியுமா?"

"தெரியும். என் வாயால சொல்ல மாட்டேன்."

'தயார்' என்று எழுதிக் கொடுத்தேன். கோபப்படுவதற்கு முன் கேள், அக்கா. இந்த மருந்து எல்லாருக்கும் சொர்க்கம் காட்டுவதில்லை. போன வசந்தத்தில் ஒருவர், தன்னை உயிரோடு மண்ணில் புதைப்பதைப் பார்த்தார். பகல் முழுக்கக் கத்தினார். அப்படி வந்தால் நாங்கள் எழுப்புவதில்லை. விட்டு ஓடாதீர்கள், அதனிடமே போங்கள் என்போம். எங்கள் பயிற்சியில் முதல் பாடம் அது. விக்கரிக்குள் என்ன இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவன் அதனிடம் போக வேண்டும். போ என்று சொல்லும் குரல் என்னுடையதாக இருக்க வேண்டும்.

தயாரில்லை என்று எழுதினால் அவனுக்குக் கிடைப்பது வெறும் பயம். இது அதைவிட நல்லது.

உன் டாம்சின்


ஓட்லண்ட்ஸ்
ஏப்ரல் 1

அன்புள்ள டாம்சிக்கு,

நகம் விழுந்தது. வலி இல்லை. உன் சளி எப்படி? எழுதாவிட்டாலும் இந்த மாதத்தில் உனக்குச் சளி பிடிக்கும், தெரியும்.

சரி. நீ படித்தவள், உன் வழியில் செய். எனக்கு ஒன்றும் விடாமல் எழுது.

கிடாக்களைப் பெட்டைகளோடு விட்டாயிற்று. ஆடுகளை ஒற்றை வரிசையாக ஓட்டும் பலகைச் சந்தில் இரண்டு பலகை மாற்றினேன். ஜான்டி அதற்குள் போய் நிற்பானே, ஆடுகள் இரண்டு பக்கமும் நெருக்க, கண்ணை மூடிக்கொண்டு. ஆடு நெருக்கினால் பிடிக்கும். மனிதர் தொட்டால் ஆகாது. பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போவார்கள். இவன் தன் பையின் வாரை என்னிடம் நீட்டுவான். ஒரு முனையை நான் பிடித்துக்கொள்வேன், மறுமுனையை அவன். அதுதான் எங்களுக்கு.

விக்கரி கத்தினால் என்ன வார்த்தை சொல்லிக் கத்தினான் என்று எழுது.

அன்புடன்
மெரன்


ஜீலாங்
ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதை அடுத்த கடிதத்தில் வைத்துக்கொள்கிறேன்.

காலையில் மாத்திரை. கண்பட்டை. காதில் இசை. வலப்பக்கம் நான், இடப்பக்கம் செஃபினா. நெடுநேரம் ஒன்றுமில்லை. ஜன்னலில் ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்தது, போனது. பிறகு அவன் வலது கால் அழுத்தத் தொடங்கியது. திரும்பத் திரும்ப. இல்லாத பிரேக்கை.

"நிக்கல," என்றான். "நிக்க மாட்டேங்குது."

நீ கேட்ட வார்த்தை அதுதான்.

குனிந்து காதருகில் சொன்னேன். "ஓடாதீங்க. அதுக்கிட்ட போங்க." என் குரல் அன்பாக இருந்தது. அவ்வளவு அன்பாக நான் யாரிடமும் பேசியதில்லை.

கத்தினான். உடம்பு முழுக்கக் கத்தியது. கொஞ்சம் அடங்கினான். "இன்னும் கிட்ட போங்க," என்றேன். செஃபினா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அடங்கியவனை மறுபடி அனுப்புவது வழக்கமில்லை. மறுபடி அனுப்பினேன். மறுபடி கத்தினான். எனக்கு நேரம் போனதே தெரியவில்லை.

பிறகு நின்றுவிட்டது.

முகம் தளர்ந்தது. இரண்டு கைகளும் மெதுவாக எழுந்து, மார்புக்கு மேலே, காற்றில் எதையோ சுற்றிக்கொண்டன. அப்படியே கிடந்தான். கண்பட்டைக்கு அடியிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. அந்த முகத்தை மட்டும் உனக்கு எழுத மாட்டேன்.

மாலையில் உட்கார்ந்து வெஜிமைட் தடவிய டோஸ்ட் கேட்டான்.

"வேலியோரமா வந்தான்," என்றான். "இந்த அம்மா சொன்னாங்கல்ல, ஓடாதேன்னு, ஓடல. கிட்ட போனேன். கேக்க நெனச்சதக் கேக்கவேயில்ல. அவனே வந்து கட்டிப்பிடிச்சான். ரெண்டு கையாலயும். விடவேயில்ல."

"அதுல உங்களுக்கு என்ன அர்த்தம் தெரியுது தாத்தா?" என்றாள் செஃபினா. நாங்கள் கேட்கலாம், அது இன்னது என்று சொல்லக் கூடாது.

"மன்னிச்சிட்டான்னு தோணுதும்மா."

அவள் அழுதாள். அன்று அவனே விளக்கை அணைக்கச் சொன்னானாம். தூங்கினானாம்.

நான் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் என் கார் டயரை உதைத்தேன். கால் விரல் வீங்கியிருக்கிறது. என் உடம்பைப் பற்றிய செய்தி அதுதான்.

அவனை அங்கே அனுப்பியது நான்.

டாம்சின்


ஓட்லண்ட்ஸ்
ஏப்ரல் 19

டாம்சின்,

சௌக்கியமெல்லாம் பிறகு.

ஒன்பது வருடம். எனக்கு ஒரு தடவை கூட இல்லை. பிறந்து மார்பில் போட்டபோதே முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு விலகினான். தூக்கத்தில் தொட்டால் கூட விழித்துக்கொள்வான். சவப்பெட்டியில்தான் முதல் முறையாகக் கட்டிப்பிடித்தேன். அவனால் தடுக்க முடியாது என்பதால் எனக்கு வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

எனக்குக் கொடுக்காததை அந்த நாய்க்குக் கொடுத்தானா? காளானைத் தின்றுவிட்டு என் பிள்ளையின் கையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டானா? மன்னித்தானாம். யாரைக் கேட்டு மன்னித்தான்?

அவனிடம் சொல். ஜான்டி யாரையும் தொட்டதில்லை என்று சொல். வந்தது அவன் இல்லை என்று சொல். பிடுங்கு அதை.

இதைப் பெட்டியில் போட இப்போதே டவுனுக்குப் போகிறேன்.

மெரன்


ஓட்லண்ட்ஸ்
ஏப்ரல் 24

அன்புள்ள டாம்சிக்கு,

போன கடிதத்தைக் கிழித்துப் போடு. அவனிடம் சொல்லாதே. இன்னும் சொல்லியிருக்க மாட்டாய். ரொட்டிக்கு வெண்ணெய் தடவவே நாலு தடவை யோசிக்கிறவள் நீ.

விரலை உப்புப் போட்ட வெந்நீரில் வை.

அவனிடம் சில விஷயம் கேள். என் பேச்சை எடுக்காதே. உன் வேலைக்காகக் கேட்பது போலக் கேள். எந்தப் பக்கமிருந்து வந்தான்? கை கழுத்திலா, இடுப்பிலா? தலையை எங்கே வைத்தான்? மூச்சு தெரிந்ததா? விரல்கள் விரிந்திருந்தனவா, மடங்கியிருந்தனவா? எவ்வளவு இறுக்கம், ஆடு நெருக்குகிற அளவா?

என் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அவன் நடுங்கித்தான் சாக வேண்டும். ஆனால் முதலில் இதையெல்லாம் கேட்டு வாங்கிக்கொள்.

நாளை அன்சாக் தின விடுமுறை, தபால் ஓடாது. அதனால் தாமதமாகலாம். நீ தாமதிக்காதே.

அன்புடன்
மெரன்


ஜீலாங்
ஏப்ரல் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இனி நீயும் கொஞ்சம் தூங்குவாய் என்று நம்புகிறேன். நீ சொன்னது நேற்று முடிந்தது.

மருந்துக்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து ஒரு பேச்சு உண்டு. கண்டதை அவர்கள் சொல்வார்கள், நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். அது நிஜமா இல்லையா என்று நாங்கள் சொல்வதில்லை. எது வேண்டுமானாலும் பேசலாம், அதைத் தவிர. செஃபினா டீ எடுக்கப் போயிருந்தாள்.

"அந்தப் பையன் யாரையும் தொட மாட்டான்," என்றேன்.

"என்னம்மா?"

"ஜான்டி. பெத்த அம்மாவையே தொட்டதில்ல. மேல கை பட்டா சுருண்டுக்குவான். உங்களக் கட்டிப்பிடிச்சது அவன் இல்ல."

பெயர் காதில் விழுந்ததும் என் முகத்தைத் தேடத் தொடங்கினான். நீதிமன்றத்தில் பார்த்த உன் முகத்தை அதில் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீங்க யாரு?"

"அவன் சித்தி."

தலையாட்டினான். அதில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லாதது போல. பிறகு கேட்டான்.

"அப்ப வந்தது யாரு?"

"யாருமில்ல. காளான்."

மடியில் கிடந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தான். யாரோ அங்கே மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போல.

செஃபினா வந்தாள். "என்ன தாத்தா, டீ வர்றதுக்குள்ள மூஞ்சி ஆறிப்போச்சு?" அவன் டீயை வாங்கிக்கொண்டான். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரவு விளக்கு எரிந்தது. அலறல் முன்னைவிட மோசம். இப்போது நடுவே யாரையோ கூப்பிடுகிறான், பெயர் இல்லாமல்.

நீ கேட்டாய், செய்தேன். நீ கேட்காவிட்டாலும் செய்திருப்பேன். வாயில் துருவின் ருசி. போய்விடும்.

உன் டாம்சின்


ஜீலாங்
மே 4

அக்கா,

உன் இரண்டாவது கடிதம் வந்தது. விடுமுறையும் காற்றும் சேர்ந்து தபாலைத் தாமதமாக்கிவிட்டன. நான் எழுதியது அதற்குள் உன் கையில் இருக்கும்.

அவனிடம் போய்க் கேட்டேன். கை கழுத்திலா, இடுப்பிலா. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாளும் கேட்டேன். மறுநாளும்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்காலை மூடி வை.

டாம்சின்


ஜீலாங்
மே 17

அக்கா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? கிடா, வேலி, மழை, எதைப் பற்றியாவது எழுது.

டாம்சின்


ஓட்லண்ட்ஸ்
மே 29

டாம்சின்,

முழங்கால் வலிக்கிறது. கப்பலில் படியேறி இறங்கியதில் வந்தது. ஆமாம், அங்கே வந்திருந்தேன். நீ வேலைக்கு வராத நாள் எது என்று டவுன் தபால் நிலையத்திலிருந்து போன் போட்டுக் கேட்டுக்கொண்டு வந்தேன். போனைக் காதில் ஒட்டாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பேசினேன். அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை.

பெரிய உருவமாக அவனை நினைவில் வைத்திருந்தேன். கட்டிலில் போர்வைதான் கிடந்தது. அதற்குள் எங்கேயோ அவன் இருந்தான்.

"ஜான்டியோட அம்மா," என்றேன்.

எழுந்து உட்காரப் பார்த்தான், முடியவில்லை. "திட்ட வந்தீங்களா?"

"அதுக்கு எதுக்குக் கப்பல் டிக்கெட்டு? வீட்லேர்ந்தே திட்டுவேன். அவன் எப்படிக் கட்டிப்பிடிச்சான்? காட்டு."

"அது அவன் இல்லியாம். உங்க தங்கச்சி சொன்னாங்க."

"அவ சொன்னத நான் கேக்கல."

"காட்டுனா மிச்சம் இருக்கறதும் போயிடும். என்கிட்ட வேற ஒண்ணுமில்ல."

அப்போது பொய் சொன்னேன். "அவளுக்கு என்ன தெரியும்? கடல் தாண்டிப் படிக்கப் போனவ. என்னை அவன் தெனம் கட்டிப்பிடிப்பான். பள்ளிக்கூட வாசல்ல எல்லாருக்கும் முன்னாடி. அதனாலதான் கேக்கறேன். எனக்குப் பண்ணின மாதிரியேதானான்னு தெரியணும்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பினான். நீ எனக்கு எழுத மாட்டேன் என்றாயே, அந்த முகம் வந்தது. நான் பார்த்துவிட்டேன்.

கட்டிலருகே மண்டியிட்டேன். கையைத் தூக்கினான், பாதியில் விழுந்தது. நானே எடுத்து என் மேல் போட்டுக்கொண்டேன். ஸ்டியரிங்கைப் பிடித்த கை. ஒன்று கழுத்துக்குப் பின்னால், ஒன்று தோளுக்குக் கீழே.

"இப்படி," என்றான். "இதவிட இறுக்கமா. எனக்குத் தெம்பில்ல."

நான் இறுக்கினேன். காத்திருந்தேன். ஆஸ்பத்திரி சோப்பு வாசனை. மூச்சில் மருந்து. கிழவனின் எலும்பு. அவ்வளவுதான், டாம்சின். வேறு யாரும் வரவில்லை.

அவன் அப்படியே தூங்கிப்போனான். உன் சமோவாக்காரி வந்து அவன் தலையைச் சரியாக வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்தாள். அலறவில்லை. இனி நிம்மதியாகச் சாவான். என் பொய்யால். விழித்ததும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அவனிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. இரக்கம் என்று நினைத்துவிடாதே. கோபம் அப்படியேதான் இருந்தது. ஆள் மாறியிருந்தது.

பிடுங்கு என்று நீதானே எழுதினாய் என்பாய். நான்தான் எழுதினேன். ஆனால் அவன் மருந்திலிருந்து எழுந்த அன்று, அந்தக் கைகளில் ஜான்டியுடையது ஏதாவது இருந்திருந்தால், அப்போது இருந்திருக்கும். அந்தக் கைகளின் பக்கத்தில் அன்று நீ இருந்தாய். எப்படி என்று கேட்டுக்கூடப் பார்க்காமல், அதை மண்ணைத் தட்டுவது போலத் தட்டிவிட்டாய். இனி எனக்கு எழுதாதே.

நாற்காலியிலிருந்து எழுந்து, உன் மேலதிகாரியின் அறை எது என்று கேட்டுக்கொண்டு போனேன். நீ ஜான்டியின் சித்தி என்று சொன்னேன். தெரிந்தே அவன் பக்கத்தில் உட்கார்ந்தாய் என்றும், பிறகு அவனிடம் என்ன சொன்னாய் என்றும் சொன்னேன். எழுதிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கீழே கேன்டீனில் ஒரு மீட் பை வாங்கிச் சாஸ் ஊற்றித் தின்றுவிட்டு, கப்பலுக்குப் போனேன்.

மெரன்